காலி வாளிக்காரி

அடுப்படித் தரைக்கு அடியிலிருந்து அந்தச் சத்தம் மறுபடி கேட்ட காலையில் வாளி சித்தி பயப்பட்டிருக்க வேண்டும். பலகைத் தரை போட்ட பழைய வீடு, கீழே தண்ணீர் தளும்புகிறது, வீட்டில் இருப்பதோ அவள் ஒருத்தி. ஆனால் அவள் கையில் டீ டம்ளரோடு நின்ற இடத்திலேயே நின்று, கால் கட்டைவிரலால் பலகையை லேசாக அழுத்தினாள். கீழே தண்ணீர் 'க்ளக்' என்றது. இன்னொரு தடவை அழுத்தினாள். இன்னொரு 'க்ளக்'. அறுபதைத் தாண்டிய ஒருத்தி தனியாக நின்று தரையைப் பார்த்துச் சிரித்ததை யாரும் பார்க்கவில்லை, அந்த மட்டும் நல்லது.

அந்தச் சத்தம் கேட்டு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்பா இறந்துபோன வருஷத்தோடு தண்ணீரும் வராமல் நின்றுவிட்டது. "உங்க அப்பாவோடயே போயிடுச்சு" என்று அம்மா சொல்வாள். சொல்லிவிட்டு, அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல் தையல் மிஷினை வேகமாக மிதிப்பாள்.

வாளி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அவர்கள் வைத்த பெயர் பள்ளிக்கூடத்தோடு சரி. அதற்குப் பிறகு அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கண்ணாடி வில்லைகளின் ஓரத்தைத் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைக்கிற வேலை. பொருத்தி முடித்ததும் அவளே வாடிக்கையாளர் மூக்கில் மாட்டி, காதுக்குப் பின்னால் வளைத்துச் சரிபண்ணி, "இப்போ என்னைப் பாருங்க, நான் எப்படி இருக்கேன்?" என்று கேட்பாள். இதற்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியாமல் விழித்த ஆண்கள் ஊரில் நிறைய. ஒருமுறை கல்யாணம் வாசல்வரை வந்தது. அம்மாவைக் கூட வைத்துக்கொள்ள முடியாது என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னதும், அப்படியானால் மாப்பிள்ளையும் வேண்டாம் என்று இவளே சொல்லிவிட்டாள். அதில் அவளுக்கு வருத்தம் இல்லை. கொஞ்சம் உண்டு, ஆனால் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். அம்மா போன பிறகு வீடும் அவளும்தான். குடும்பத்தில் அவளை வாளி என்று கூப்பிட மிச்சம் இருந்தது அக்கா ஒருத்திதான். அக்காவின் பிள்ளைகளுக்கு அவள் வாளி சித்தி.

அடுப்படி மூலையில், இரும்பு வளையம் வைத்த சதுரப் பலகை ஒன்று உண்டு. தூக்கினால் கீழே இறங்கும் வழி. அதைக் கீழ்க்கதவு என்பார்கள். அப்பா போனதும் அம்மா அதன் மேல் ஒரு தகரப் பெட்டியை இழுத்து வைத்தாள். பெட்டி நிறையத் துண்டுத் துணிகள். அம்மா ஒரு கடைக்குப் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுத்தவள், வெட்டி மிஞ்சிய துணியை ஒருநாளும் தூக்கிப் போட்டதில்லை. வாளி அந்தப் பெட்டியை முக்கி முனகி நகர்த்திக் கீழ்க்கதவைத் திறந்தாள். டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. கலங்கிய தண்ணீர் இறங்கும் படியை முழுங்கிவிட்டு நின்றது. அடுப்படியைத் தாங்குகிற நடு உத்தரத்தின் அடிப்பக்கம் கறுத்து ஊறியிருந்தது. விரலால் குத்தினால் விரல் உள்ளே போயிற்று.

தச்சர் வந்து பார்த்தார். மண்டியிட்டுத் தலையை உள்ளே விட்டவர் வெளியே எடுக்கும்போதே உதட்டைப் பிதுக்கினார்.

"உத்தரத்தை மாத்திடலாம்மா, பலகையும் மாத்திடலாம். அதெல்லாம் பெரிய வேலை இல்ல. ஆனா தண்ணி நிக்கிற வீட்டுல நான் மரம் போட மாட்டேன். போட்டா அதுவும் ஊறிப்போய், கடைசியில என் பேருதான் கெடும்."

"தண்ணிய எடுத்துட்டா?"

"எடுத்துட்டாப் போட்டுத் தரேன். திங்கக்கிழமை வரேன். தண்ணி நின்னுச்சுன்னா வந்த வழியே போயிடுவேன், கோவிச்சுக்கக் கூடாது. இன்னொன்னும் சொல்லிடறேன். இப்படியே விட்டீங்கன்னா அடுப்படி ஒருநாள் அப்படியே உக்காந்துடும். அன்னிக்கு நீங்க அடுப்புக்கு முன்னால நிக்காம இருக்கணும்."

தச்சர் இதை அக்காவிடமும் போனில் சொன்னதுதான் தப்பு. மறுநாள் முதல் பஸ்ஸிலேயே அக்கா வந்து இறங்கிவிட்டாள், கையில் பெரிய பெட்டியோடு. தூக்கிப் பார்த்தால் பெட்டி பஞ்சாக இருந்தது.

"என்னக்கா, உள்ள ஒண்ணுமே இல்ல?"

"உன் துணிமணிக்குத்தான். கெளம்பு."

அக்கா மகன் வீட்டில் நாலாவது மாடியில் இருக்கிறாள். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் பகலெல்லாம் அவளும் டிவியும்தான். அதை அவள் சொல்ல மாட்டாள். "அங்க தரைக்கு அடியில தண்ணி இல்லடி, இன்னொருத்தன் வீடுதான் இருக்கு" என்றாள். வீடு இருவருக்கும் பொது. பக்கத்து மெக்கானிக் ரொம்ப நாளாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தார், இடித்துவிட்டுத் தன் ஷெட்டைப் பெரிசாக்க. கொடுத்துவிடலாம் என்பது அக்காவின் கட்சி. அவளுக்கு இந்த வீட்டைக் கண்டாலே ஆகாது. அம்மா காரியம் முடிந்த அன்றைக்கே பஸ் ஏறியவள், அதற்குப் பிறகு ஒரு ராத்திரிகூட இங்கே தங்கியதில்லை. ஏன் என்று வாளி பலமுறை கேட்டிருக்கிறாள். "கொசு" என்பாள் அக்கா.

கடைசியில் வாளிதான் ஒப்பந்தம் பேசினாள். "திங்கக்கிழமைக்குள்ள தண்ணி போயிடுச்சுன்னா நான் இங்கதான் இருப்பேன், நீ அன்னிக்கே பஸ் ஏறிடணும், மறுபடி இந்தப் பேச்சு எடுக்கக் கூடாது. போகலன்னா வீட்டைக் குடுத்துட்டு உன்கூட வந்துடறேன். கண்ணைக் கசக்க மாட்டேன்."

"கசக்குவ. பரவாயில்ல, அங்க வந்து கசக்கு, இடம் இருக்கு" என்று அக்கா புடவைத் தலைப்பை உதறி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வாளிக்கு உள்ளூர நம்பிக்கை இருந்தது. இந்தத் தண்ணீரை அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும்.

அப்பா லாரி ஓட்டினார். வீட்டுக்கு வந்தால் ஒரு ராத்திரி, மிஞ்சினால் இரண்டு. வந்தாலும் பேச மாட்டார். சாப்பிடுவார், தூங்குவார், பிள்ளைகள் தலையைத் தடவுவார், போய்விடுவார். மழைக்காலத்தில் மட்டும் கதை வேறு. முதல் மழைக்கு வீடு வந்து சேர்ந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் கீழ்க்கதவைத் திறந்து இறங்குவார். "என்னன்னு பாத்துட்டு வரேன்" என்பார். கொஞ்ச நேரம் கழித்து முழங்காலெல்லாம் சேறாக மேலே வந்து, "இந்த வருஷமும் வந்துடும் போலத்தான் இருக்கு" என்பார். அப்பா சொன்னால் சொன்னதுதான். இரண்டொரு நாளில் தண்ணீர் வந்துவிடும்.

பிறகு மழை ஓயும்வரை வீடே வரிசையில் நிற்கும். அப்பா கீழே ஒரு கல்லில் உட்கார்ந்து அள்ளுவார். அக்கா கீழ்க்கதவருகே நின்று நிறைந்த வாளியை வாங்கி, அடுப்படியைக் கடந்து கொல்லைக் கதவுக்குக் கொண்டுபோவாள். அங்கே அம்மா நின்று வாங்கிப் பின்படி ஓரமாக ஊற்றுவாள். காலி வாளியை அப்பாவிடம் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பது சின்னவள் வேலை. நிறைந்த வாளி அவளைவிடக் கனம் என்பதால் அவளுக்குக் காலி வாளிதான். அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கண் தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டு அவள் ஓடியதில்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

தரைக்குக் கீழே போனதும் அப்பாவுக்கு எங்கிருந்துதான் வாய் முளைக்குமோ தெரியாது. யார் முகத்தையும் பார்க்காமல் பேசலாம் என்பதாலோ என்னவோ, வருஷமெல்லாம் சேர்த்து வைத்ததை அங்கே கொட்டுவார். ஒரு வாளிக்கு ஒரு வரி. மலைப்பாதையில் ஒரு டீக்கடைக்காரன் இருக்கிறான், மனுஷர்களிடம் பேசவே மாட்டான், கிளியிடம்தான் பேசுவான் என்று ஒரு வரி மேலே வரும். அக்கா அந்த வரியையும் வாளியையும் சேர்த்து அம்மாவிடம் கொண்டுபோவாள். அம்மா தண்ணீரை ஊற்றிக்கொண்டே, "அந்தக் கிளி என்ன பாவம் பண்ணுச்சாம், கேளு" என்பாள். சின்னவள் அந்தக் கேள்வியைக் காலி வாளியோடு கொண்டுவந்து கீழ்க்கதவு வழியாகக் கத்துவாள். கீழிருந்து அப்பா சிரிக்கிற சிரிப்பு பலகை வழியாகக் கால் பாதத்தில் ஏறும். அதற்காகவே அவள் செருப்புப் போடாமல் ஓடுவாள். அந்தச் சிரிப்பை அப்பா மேலே வந்து சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

நடுவில் லாரி முதலாளியின் ஆள் குடை பிடித்துக்கொண்டு சைக்கிளில் வருவான். "முதலாளி கூப்பிடுறாரு, லோடு நிக்குது" என்பான். அப்பா கீழேயிருந்தே, "வந்து பாருய்யா, வீட்டுக்கு அடியில குளமே நிக்குது. பொண்டாட்டி புள்ளைங்களை இதுல விட்டுட்டு எப்படி வர்றது?" என்பார். அவன் கீழ்க்கதவு வழியாக எட்டிப் பார்ப்பான். கண்ணால் பார்த்த பிறகு அவன் என்ன சொல்ல முடியும்? அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போவான்.

ஆனால் எல்லாத்துக்கும் ஒரு கடைசி நாள் வரும். முதலாளியின் ஆள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி வந்துபோன பிறகு, ஒருநாள் காலையில் அப்பா கீழ்க்கதவு வழியாக ஈரக் கையை மேலே நீட்டுவார். "ஒரு துண்டுத் துணி குடு."

கை துடைக்கத்தான் கேட்கிறார் என்று சின்னவள் நினைத்தாள். அம்மாவைத்தான் புரிந்துகொள்ள முடியாது. வீடு முழுக்கத் துண்டுத் துணி. உட்காரும் பலகையில், மிஷினுக்கு அடியில், காலைத் தட்டிவிட்டால் துணி. அம்மா என்னடாவென்றால் முகம் சுண்டிப்போய்த் தேடு தேடென்று தேடுவாள். சின்னவள் ஒன்றை எடுத்து நீட்டினால், "அது வேண்டாம், அது நல்ல துணி" என்பாள். உள்ளங்கை அகலத் துண்டில் என்ன நல்லது கெட்டது? அப்பாவும் அவசரப்பட மாட்டார். நீட்டிய கையை எடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். கடைசியில் அம்மா ஒரு துண்டைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அன்று சாயங்காலம் தண்ணீர் வற்றிவிடும். மறுநாள் விடிந்தால் அப்பா இருக்க மாட்டார்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வாளி வாடகைக்கு ஒரு பம்பு கொண்டுவந்தாள். குழாயின் ஒரு முனையைக் கீழே தண்ணீரில் விட்டாள், மறுமுனையைக் கொல்லையில் பின்படி ஓரமாக, அம்மா ஊற்றுகிற அதே மூலையில் போட்டாள். செங்கல் தூணில் தண்ணீர் நிற்கிற மட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தாள். பம்பு வீட்டையே உலுக்கிக்கொண்டு காலையிலிருந்து ஓடியது. சாயங்காலம் பார்த்தால் தண்ணீர் கோட்டிலேயே நின்றது.

மறுநாளும் அப்படித்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் கோடு நனைந்தபடியே இருந்தது. "பம்பு சரியில்லையோ?" என்றாள். அக்கா டீ போட்டுக் கொடுத்தாள், சாப்பாடு எடுத்து வைத்தாள், நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அக்கா மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தது வாளிக்கு வினோதமாகத்தான் இருந்தது. எதற்கும் ஒரு யோசனை வைத்திருக்கிறவள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பம்பு சேறு அடைத்து நின்றுபோனது. கடைக்காரர் போனை எடுக்கவில்லை. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் கொஞ்ச நேரம் நின்ற வாளி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பழைய வாளியை எடுத்து வந்தாள். கீழ்க்கதவு ஓரம் குப்புறப் படுத்து எட்டி அள்ளினாள், எழுந்தாள், அடுப்படியைக் கடந்து போனாள், ஊற்றினாள், வந்து மறுபடி படுத்தாள். மூச்சு வாங்கியது. ஆனாலும் காலி வாளியோடு திரும்பும்போது, "அந்தக் கிளி என்ன பாவம் பண்ணுச்சாம், கேளு" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டாள். அடுத்த வாளியைப் பின்படி ஓரம் சாய்த்தபோது முதுகுக்குப் பின்னால் அக்கா கத்தினாள்.

"அங்க ஊத்தாதடி!"

வாளி திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்?"

"திரும்பி உள்ளதான் போகுது. எப்பவும் உள்ளதான் போச்சு. ரெண்டு நாளா நீ அதே தண்ணியைத்தான் எடுத்து எடுத்து ஊத்துற. பேசாம இருந்துடலாம்னுதான் பார்த்தேன். திங்கக்கிழமை வந்தா நீ என்கூட வந்துடுவ. முடியல."

வாளி குனிந்து பார்த்தாள். ஊற்றிய தண்ணீர் சாக்கடைப் பக்கம் போகவே இல்லை. ஒரு சுழி சுழித்து, பின்படிக் கல்லுக்கு அடியில் நழுவிப் போனது. சாக்கடை நாலு எட்டு தள்ளித்தான் இருந்தது. ஊர்க் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டவள், சொந்தக் கொல்லையில் இதைப் பார்க்கவில்லை.

"உனக்கு எப்போ தெரியும்?"

"எட்டாவது படிக்கிறப்போ. தண்ணி உள்ள போகுதேன்னு அம்மாகிட்ட சொன்னேன். 'தெரியும், அடுத்த வாளியக் கொண்டா'ன்னா. அப்பாகிட்ட சொல்லவான்னு கேட்டேன். சொன்னா என் மூஞ்சியில முழிக்காதன்னுட்டா." அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். "அந்த மனுஷன் ஊரெல்லாம் வண்டி ஓட்டிட்டு வந்து, முதுகு ஒடியக் குனிஞ்சு அள்ளுறாரு. இவ அதையே திருப்பி உள்ள அனுப்புறா. நடுவுல நான் தூக்கிட்டு நடக்குறேன், தெரிஞ்சே. அப்பா முகத்தை நிமிந்து பார்க்க முடியாது எனக்கு. நீ இந்த வீட்டைப் பத்திப் பேசுறப்பல்லாம் கிளின்னுவ, சிரிப்புன்னுவ. உனக்கு என்ன, நீ காலி வாளிக்காரி."

வாளிக்குச் சுருக்கென்றது. அவள் வாழ்க்கையில் சந்தோஷம் என்று எடுத்துச் சொல்ல இருந்தது அந்த மழைக்காலங்கள்தான். அதையும் அக்கா இப்படிப் பிடுங்கிப் போட்டாள்.

"அப்பா கொஞ்ச நாள் வீட்டுல இருக்கணும்னுதானேக்கா அம்மா..."

"இருக்கணும்னா 'இருங்க'ன்னு சொல்லணும். வாய் இல்லையா? ஒரு மனுஷனை ஏமாத்தியா இருக்க வைக்கணும்? கடைசி வரைக்கும் ஏமாத்தினா. அவரு அது தெரியாமலே போய்ச் சேந்தாரு. அதை நினைச்சாத்தான் எனக்கு இந்த வீட்டுக்குள்ள கால் வைக்கப் பிடிக்கல."

அன்று மத்தியானம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வாளி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அம்மாவைத் தாங்கிப் பேச ஆசையாக இருந்தது, ஆனால் அக்கா சொன்னதில் தப்பு என்று எதைச் சொல்வது?

சாப்பிட்ட பிறகு பம்புக் கடைக்காரர் வந்து சேற்றை எடுத்துவிட்டுப் போனார். வாளி குழாயை இழுத்துப் போய்ச் சாக்கடையில் விட்டாள். கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. விடிந்ததும் மறுபடி ஓடவிட்டதில், திங்கட்கிழமை வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. பம்பை நிறுத்தினாள். ஆனால் எங்கிருந்தோ சளசளவென்று ஒரு சத்தம் நிற்காமல் வந்தது. கொல்லையில் தேங்கிய மழைத்தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருந்தது. வழியை அடைக்காமல் இது ஓயாது. தச்சர் மத்தியானம் வருகிறார்.

"நீ அடைச்சுடு, நான் மத்தியானப் பஸ்ஸுக்கே போயிடறேன்" என்றாள் அக்கா. காலிப் பெட்டியை எடுத்து வாசலில் வைத்துவிட்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள். ஆனால் பெட்டியை வைத்துவிட்டு வந்து கீழ்க்கதவு ஓரமாக, அம்மாவின் தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அக்காவுக்கு முழங்கால் மடங்காது, கீழே இறங்க முடியாது. வாளிதான் இறங்க வேண்டும்.

அறுபது வருஷம் அந்தத் தரை மேல் நடந்தவள், அதற்குக் கீழே போவது அதுதான் முதல் தடவை. சின்ன வயசில் விடமாட்டார்கள். அப்பா போனதற்குப் பிறகு அங்கே போக எதுவும் இல்லை. குனிந்து, தவழ்ந்து, தூண்களைப் பிடித்துப் பிடித்து உள்ளே போனாள். சேறும் பழைய மரமும் கலந்த வாசனை. அப்பா மேலே வரும்போது சட்டையில் வருகிற அதே வாசனை.

அப்பாவின் கல் இருந்த இடத்திலேயே இருந்தது, உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பாகி. அவள் அதில் உட்கார்ந்து டார்ச்சை அடித்தாள். நேர் எதிரே, பின்சுவரில், ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. பின்படிக் கல்லுக்கு நேர் அடியில் அது திறந்திருந்தது. அதன் வழியாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

வாளி டார்ச்சை அணைத்துவிட்டுப் பார்த்தாள். வெளி வெளிச்சம் அந்த ஓட்டை வழியாகத்தான் வந்தது. அந்தக் கல்லில் உட்கார்ந்தால் வேறு எதையும் பார்க்க முடியாது, அதைத்தான் பார்க்க வேண்டும். அம்மா ஒரு வாளி ஊற்றினால் அது அப்பாவின் கண் முன்னாலேயே வந்து விழுந்திருக்கும்.

அவள் தவழ்ந்து கிட்டே போனாள். ஓட்டைக்குப் பக்கத்தில் சுவரில் ஓர் ஆணி அடித்திருந்தது. கீழே சேற்றில் ஒரு கட்டை கிடந்தது. எடுத்துக் கழுவினாள். மேட்டில் நிறுத்தும்போது லாரிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பார்களே, அந்தக் கட்டை. அதைச் செதுக்கி, ஓட்டைக்குப் பொருந்தும்படி உருண்டையாக்கியிருந்தது. ஆணியில் மாட்ட ஒரு கம்பி வளையம். மரம் ஒரு பக்கம் உளுத்துப் பிளந்து, இந்த வருஷம்தான் கழன்று விழுந்திருக்க வேண்டும். அதன் மேல் சுற்றிச் சுற்றித் துணி. ஒரு சுற்று அல்ல, ஒன்றின் மேல் ஒன்றாகப் பல சுற்று. மேலே பழுப்பு, அதற்கு அடியில் சாம்பல் நிறம், அதற்கு அடியில் பச்சைக் கட்டம். ஒவ்வொன்றும் ஒரு வருஷத்துச் சீருடை. உள்ளே போகப் போகப் பருத்தித் துணிகள் மக்கி நூலாகியிருந்தன. மேலே இருந்த டெரிலின் துணிக்குச் சாவே கிடையாது, நேற்றுச் சுற்றியதுபோல் இருந்தது.

அவள் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"என்னடி ஆச்சு? வாளி! பாம்பு கீம்பு எதாவது இருக்கா?"

"இல்லக்கா. இந்தா, இதை வாங்கு."

கீழ்க்கதவு வழியாகக் கட்டை மேலே போனது. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"இது அப்பா வண்டியில இருந்த கட்டை."

"ஆமா. ஓட்டைக்குப் பக்கத்துல ஆணி அடிச்சு வச்சிருக்காரு, இதை மாட்டி வைக்க. அக்கா, மழைக்கு வந்தா சட்டையக்கூடக் கழட்டாம கீழ இறங்குவாரே, எதுக்கு?"

அக்கா கட்டையைப் பலகையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"இதைப் பிடுங்கத்தான். பிடுங்கி ஆணியில மாட்டிட்டு வந்து, இந்த வருஷமும் வந்துடும் போலன்னு சொல்லுவாரு. எப்படி வராம இருக்கும்? அவரு உக்காந்த கல்லுல நான் உக்காந்து பார்த்தேன். அம்மா ஊத்துறது ஒவ்வொரு வாளியும் அவரு கண்ணு முன்னாடியே வந்து விழுந்திருக்கு. அப்பாவை யாரும் ஏமாத்தலக்கா."

மேலே துணியைப் பிரிக்கிற சத்தம் கேட்டது.

"இந்தப் பச்சைக் கட்டம் என்னோட எட்டாம் வகுப்புப் பாவாடைத் துணி" என்றாள். குரல் அவள் குரலாகவே இல்லை. "அம்மா... கடைசி நாள் துணி கேட்பாரே. அவ தேடுவாளே."

"ஆமா."

"தேடு தேடுன்னு தேடுவாளே வாளி. காலடியில கெடக்கும்."

"ஆமாக்கா."

சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத ஒரு சத்தம் பலகை வழியாகக் கீழே வந்தது. வாளி தலைக்கு மேலே உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பலகை லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. 'இருங்க' என்று அம்மா சொல்லவில்லை, 'இருக்கேன்' என்று அப்பாவும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் அது வாயால் வரவில்லை. அக்கா இத்தனை வருஷம் சுமந்த நிறைந்த வாளியை அப்போதுதான் இறக்கி வைத்தாள் என்று வாளிக்குத் தோன்றியது.

சளசளவென்று தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டுச் சிமெண்ட் வைத்து மூடும்வரை, பழைய கட்டையையே உளுத்த பக்கத்தில் கொஞ்சம் தடிமனாகச் சுற்றி அடித்துவிட்டால் போதும். அடைத்துவிட்டால் மிச்சத் தண்ணீரைப் பம்பு எடுத்துவிடும், தச்சர் வந்து பார்ப்பார், சரி என்பார். வீடு நிற்கும். அக்கா பஸ்ஸுக்குப் போவாள்.

வாளி தவழ்ந்து கீழ்க்கதவுக்கு நேராக வந்து, ஈரக் கையை மேலே நீட்டினாள்.

"கட்டையக் குடுக்கா. ஒரு துண்டுத் துணியும் குடு."

கட்டை உடனே வந்தது. தகரப் பெட்டியின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. அது அக்காவின் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது, விளிம்புவரை துணி. துணிகளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. ஒன்றை எடுத்து மறுபடி உள்ளே போடுகிற சத்தமும் கேட்டது.

"என்னக்கா, கெடைக்கலயா?"

"இரு, தேடுறேன்" என்றாள் அக்கா. "எல்லாம் நல்ல துணியா இருக்கு."

வாளி நீட்டிய கையை எடுத்துக்கொண்டாள். பின்னால் நகர்ந்து போய், அப்பாவின் கல்லில் உட்கார்ந்தாள்.

"மெதுவாத் தேடுக்கா" என்றாள். "அவசரம் ஒண்ணும் இல்ல."